சாசனம் வந்த வசந்தம்: பாஸ்டன் ஆப்பிரிக்கன் லாட்ஜ், 1787–88

1787 ஏப்ரல் 29. லண்டனில் கையெழுத்தான ஒரு சாசனம், அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தின் கிளையை நடத்த உரிமை தரும் பத்திரம், கேப்டன் ஜேம்ஸ் ஸ்காட் என்பவர் மூலம் பாஸ்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் இருந்த தேதி 1784 செப்டம்பர் 29. இரண்டரை வருடம் அது கடலின் அந்தக் கரையிலேயே கிடந்தது. அதைப் பெற்றுக்கொண்டவர்கள் பாஸ்டனின் கறுப்பின மக்கள். அவர்களில் சிலர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஒரே வாரத்தில், மே 6ஆம் தேதி, அந்தச் சாசனத்தின்படி ஆப்பிரிக்கன் லாட்ஜ் எண் 459 என்ற கிளை முறைப்படி அமைந்தது.

மேசானிக் லாட்ஜ்களில் வசந்தம் பிறந்தால் புத்துயிர், சகோதரத்துவம், சமூகத் தொண்டு மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார்கள். இந்த மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பது பேச்சில் தெரியாது. அது தெரிய வேண்டுமானால், ஒரு லாட்ஜ் உண்மையிலேயே சோதனைக்கு உள்ளான ஓர் ஆண்டை எடுத்துப் பார்க்க வேண்டும். 1787 வசந்தத்திலிருந்து 1788 கோடை வரை ஆப்பிரிக்கன் லாட்ஜ் கடந்துவந்தது அப்படி ஓர் ஆண்டு. கூடி உட்கார்ந்து பழகிய பழக்கமே தொண்டுக்கான கருவியாக மாறியதை இந்த நிகழ்வில் கண்கூடாகப் பார்க்க முடிகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

லாட்ஜின் தலைவர் பிரின்ஸ் ஹால். தோல் பதனிடும் தொழிலாளி. வில்லியம் ஹால் என்பவரின் வீட்டில் அடிமையாக இருந்தவருக்கு 1770 ஏப்ரல் 9 அன்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அவருடைய பிறப்பைப் பற்றிப் பிற்காலத்தில் புனைந்த கதைகள் நிறைய உண்டு. அவற்றை இங்கே தொட வேண்டியதில்லை. ஆவணங்களில் நிற்பவையே போதுமானவை. அவற்றில் ஒன்று 1777 ஏப்ரலில் பாஸ்டன் பீரங்கிப் படைக்கு அவர் கொடுத்த பில். முரசுகளுக்குத் தோல் கொடுத்ததற்கான தொகையைக் கேட்டு எழுதியது. சுதந்திரப் போரில் அந்தப் படை முழக்கிய முரசுகளில் இவர் பதனிட்ட தோலும் இருந்திருக்கிறது.

ஃப்ரீமேசன் மரபில் இவர்கள் நுழைந்த தேதியாகச் சொல்லப்படுவது 1775 மார்ச் 6. பாஸ்டனில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் 38ஆம் காலாட்படைப் பிரிவோடு அயர்லாந்து கிராண்ட் லாட்ஜின் (லாட்ஜ்களுக்கு மேலான தலைமை அமைப்பு) கீழ் ஒரு லாட்ஜ் இருந்தது, எண் 441. அதில்தான் பிரின்ஸ் ஹாலும் மற்றப் பதினான்கு பேரும் சேர்க்கப்பட்டார்கள். ஊரில் இருந்த வெள்ளையர் லாட்ஜ்கள் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டது. மறு ஆண்டு மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டு வெளியேறியபோது, இவர்களைச் சேர்த்துக்கொண்ட ராணுவ லாட்ஜும் கப்பலேறிவிட்டது.

கையில் மிஞ்சியது ஓர் அனுமதி மட்டும். கூடலாம், புனித யோவான் திருநாளில் ஊர்வலம் போகலாம், இறந்த சகோதரரை மேசானிக் முறைப்படி அடக்கம் செய்யலாம். புதியவர்களைச் சேர்க்கவோ, அப்ரெண்டிஸிலிருந்து ஃபெல்லோ கிராஃப்ட், அதிலிருந்து மாஸ்டர் மேசன் என்று பட்டம் ஏற்றவோ சாசனம் இல்லாத லாட்ஜுக்கு முறைப்படி உரிமை கிடையாது. இதை ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். இறந்தவர்களை வழியனுப்ப அனுமதி உண்டு, வருகிறவர்களை வரவேற்க அனுமதி இல்லை. அப்படியே விட்டிருந்தால் அந்த லாட்ஜ் ஒரு தலைமுறையில் தானாகவே தீர்ந்துபோயிருக்கும்.

அமெரிக்காவில் யாரும் சாசனம் தரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, 1784 மார்ச் 2 அன்று பிரின்ஸ் ஹால் லண்டனில் பிரதர்லி லவ் லாட்ஜைச் சேர்ந்த வில்லியம் மூடிக்குக் கடிதம் எழுதினார். ஜூன் மாதம் இன்னொரு கடிதம். அவ்வளவு நாளும் ஊர்வலம் போகவும் இறந்தவர்களைப் புதைக்கவும் மட்டுமே தங்களுக்கு அனுமதி இருந்தது என்பதை அவரே எழுதியிருக்கிறார். லண்டன் கிராண்ட் லாட்ஜ் இணங்கியது. சாசனத்தில் வொர்ஷிப்ஃபுல் மாஸ்டராக, அதாவது தலைவராகப் பிரின்ஸ் ஹால், அவருக்கு அடுத்த நிலையில் சீனியர் வார்டனாகப் பாஸ்டன் ஸ்மித், ஜூனியர் வார்டனாகத் தாமஸ் சாண்டர்சன் பெயர்கள் எழுதப்பட்டன.

குளிர்காலத்து மனு

சாசனம் வருவதற்கு முந்தைய குளிர்காலம் கசப்பானது. 1786 கடைசியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் கடனில் மூழ்கிய விவசாயிகள் ஆயுதம் தூக்கினார்கள். வரலாற்றில் அது ஷேஸ் கிளர்ச்சி. நவம்பரில் பிரின்ஸ் ஹால் ஆளுநர் ஜேம்ஸ் பௌடினுக்கு எழுதி, லாட்ஜ் உறுப்பினர்கள் அரசுக்குத் துணைநிற்கத் தயார் என்று தெரிவித்தார். அந்தக் கை ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

ஆறே வாரத்தில், 1787 ஜனவரி 4 அன்று, அவரும் எழுபத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களும் சட்டமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போய்க் குடியேற உதவுங்கள் என்பது அதன் சாரம். பத்து வருடத்துக்கு முன்னால், 1777 ஜனவரியில், அடிமைமுறையை ஒழிக்கக் கோரி எட்டுப் பேர் கையெழுத்திட்ட மனுவிலும் பிரின்ஸ் ஹால் இருந்தார். விடுதலை கேட்டவர் பத்து வருடத்தில் வெளியேற வழி கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறார். பெயருக்குச் சுதந்திரம் இருந்து மரியாதை இல்லாத ஊரில் வாழ்வது என்ன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அந்த மனுவும் கிடப்பில் போனது.

சாசனமும் பள்ளி மனுவும்

ஏப்ரல் கடைசியில் சாசனம் வந்தது. பிரின்ஸ் ஹால் அதைப் பாஸ்டன் செய்தித்தாளில் அறிவித்தார். வெள்ளையர் லாட்ஜ்கள் அதற்குப் பிறகும் இவர்களைச் சகோதரர்களாக ஏற்றுக்கொள்ளவில்லை. அன்றாட அவமானமும் குறையவில்லை. ஆனால் இனி இவர்கள் யாருடைய தயவிலும் கூடும் கூட்டம் கிடையாது. எண் உண்டு, பதவிகள் உண்டு, புதியவர்களைச் சேர்க்கும் உரிமை உண்டு. சந்தா வசூலிக்கலாம், கணக்கு எழுதலாம், லண்டனுக்கு ஆண்டறிக்கையும் தர்மநிதிக்குக் காணிக்கையும் அனுப்பலாம்.

அந்த அக்டோபர் 17ஆம் தேதி அவர்கள் கொடுத்த மனுவைப் படித்தால் தொனி மாறியிருப்பது தெரியும். நாங்களும் வரி கட்டுகிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி இல்லை. அவர்கள் அறியாமையில் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் படிப்புக்கு வழிசெய்யுங்கள். ஜனவரியில் போக வழி கேட்டவர்கள் அக்டோபரில் இருக்கும் ஊரிலேயே உரிமை கேட்கிறார்கள். இந்த மாற்றத்துக்குச் சாசனம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஜனவரி மனு கிடப்பில் போனதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இருந்தாலும் நடுவில் வந்த அந்த வசந்தத்தை ஒதுக்கிவிட்டு இந்த இரண்டு மனுக்களையும் படிக்க என்னால் முடியவில்லை. வருகிறவர்களை வரவேற்கும் உரிமை கிடைத்த லாட்ஜ், அடுத்த தலைமுறையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறது.

பள்ளி மனுவையும் சட்டமன்றம் ஏற்கவில்லை.

மூன்று பேரைக் கடத்தியது

1783இல், அடிமையாக வைக்கப்பட்டிருந்த குவாக் வாக்கர் என்பவரின் வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அடிமைமுறை மாநில அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று ஜூரிக்கு எடுத்துரைத்திருந்தார். அதன் பிறகு மாசசூசெட்ஸில் அடிமைமுறை மெல்ல மறைந்துகொண்டிருந்தது. ஆனால் பாஸ்டன் கப்பல்கள் அடிமை வணிகத்தில் ஈடுபடுவதை மாநிலச் சட்டம் தடுக்கவில்லை. தெற்கே மேற்கிந்தியத் தீவுகளில் மனிதர்களை விற்கச் சந்தை திறந்தே இருந்தது. துறைமுக ஊரில் வாழும் சுதந்திரக் கறுப்பின ஆளுக்கு இதன் பொருள் தெளிவு: கப்பலில் ஏற்றிவிட்டால் போதும், அவன் மறுபடியும் விலைக்குப் போகும் சரக்கு.

1788 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. ஏவரி என்ற ஒருவன், துறைமுகத்துக்கு உள்ளேயே ஒரு தீவருகே கப்பல் ஆபத்தில் மாட்டியிருக்கிறது, உதவிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி மூன்று பேரை அழைத்துப் போனான். கப்பலில் ஏறியதும் விலங்கு பூட்டினார்கள். பாய் விரித்துத் தெற்கே போய்விட்டது கப்பல். வீட்டில் மனைவி, பிள்ளைகள். மூவரில் ஒருவர் ஆப்பிரிக்கன் லாட்ஜின் உறுப்பினர்.

பிப்ரவரி 27 தேதியிட்ட மனு சட்டமன்றத்துக்குப் போனது. பிரின்ஸ் ஹாலும் லாட்ஜ் சகோதரர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். எழுத்துப்பிழை நிறைந்த மனு அது. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவர்களின் எழுத்து. ஆனால் வாதத்தில் ஓட்டை இல்லை. முதலில் மூவரின் கதை. அடுத்து ஒரு கேள்வி: இவ்வளவு எளிதாகப் பறிக்க முடியுமென்றால் எங்கள் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் என்ன மதிப்பு? அதற்குப் பிறகு வருவதுதான் என்னை மிகவும் பாதித்த பகுதி. எங்களில் நல்ல மாலுமிகள் பலர் இருக்கிறார்கள். கடத்தப்படும் பயத்தால் கப்பலேறாமல் வீட்டிலேயே முடங்கிப் பாதி நாள் வேலையின்றித் தெருவில் அலைகிறோம். பாதுகாப்பு இருந்தால் கௌரவமாகப் பிழைப்போம் என்கிறார்கள். மூன்று பேரை மீட்கக் கேட்டு எழுதிய மனு, ஒரு சமூகத்தின் பிழைப்பையே பேசிவிடுகிறது. அங்கிருந்து இன்னொரு படி போய், இந்த மாநிலத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் அடிமை வணிகத்தையே தடுக்கச் சொல்கிறார்கள். இன்னும் பிறக்காத, முகம் தெரியாத ஆட்களுக்காகவும் அந்தக் கையெழுத்துகள் போடப்பட்டன.

மார்ச் 26

லாட்ஜ் தனியாக நிற்கவில்லை. அடிமைமுறையை எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தார்கள். பாஸ்டன் மதகுருமார்கள் ஜெரமி பெல்க்னாப்பின் முயற்சியில் ஒன்றுசேர்ந்து எழுதினார்கள். ஆளுநர் ஜான் ஹான்காக்கும் பிரெஞ்சுத் துணைத்தூதரும் மேற்கிந்தியத் தீவுகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள்.

மனு கொடுத்த ஒரு மாதத்துக்குள், 1788 மார்ச் 26 அன்று, அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. மாநிலக் குடிமக்கள் அந்த வணிகத்தில் ஈடுபட்டால் கடத்திய ஒவ்வோர் ஆளுக்கும் 50 பவுண்டு, கப்பலுக்கு 200 பவுண்டு அபராதம். ஏமாற்றிக் கடத்தப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைக்கவும் அதிலேயே வழி செய்யப்பட்டது. துறைமுகத்தில் விலங்கு பூட்டப்பட்ட மூன்று பேரின் நிழல் அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே விழுந்திருக்கிறது.

அதே நாளில் அதே சட்டமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. அமெரிக்க மாநிலம் எதிலும் குடிமகன் என்று சான்று காட்ட முடியாத கறுப்பினத்தவர், மொராக்கோ மன்னரின் குடிமக்களைத் தவிர, மாசசூசெட்ஸில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது. மீறினால் சிறை, சவுக்கடி. ஒரு கை கடத்தல்காரனைத் தடுக்கிறது, இன்னொரு கை அடைக்கலம் தேடி வருகிறவனை விரட்டுகிறது. இந்த நிகழ்வை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லும் கட்டுரைகள் இரண்டாவது சட்டத்தை விட்டுவிடுகின்றன. விடக் கூடாது. லாட்ஜ் எந்த மண்ணில் நின்று வேலை செய்தது என்பது இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் தெரியும்.

தீவில் நடந்தது

மூவரும் கடைசியில் கொண்டுபோகப்பட்டது ஸ்வீடன் வசமிருந்த செயின்ட் பார்தலமி தீவுக்கு. அங்கே நடந்ததை பெல்க்னாப் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்திலிருந்து அறிகிறோம். மூவரில் ஒருவர் ஃப்ரீமேசன். அவர்களை யாரிடம் விற்கக் கொண்டுபோனார்களோ அந்த வணிகரும் ஃப்ரீமேசன். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். கறுப்பினச் சகோதரர் தன் கதையைச் சொன்னார். விவகாரம் ஆளுநர் முன்னால் போனது. விற்பனை நின்றது. பாஸ்டனிலிருந்து சான்றுகள் வந்து சேரும்வரை மூவரும் அங்கேயே இருத்தப்பட்டார்கள்.

கேட்க அற்புதம் போல இருக்கும். ஆனால் இதில் மாயம் எதுவும் இல்லை. சங்கேதக் குறியையும் கைகுலுக்கும் முறையையும் வைத்து ஃப்ரீமேசன்களைப் பற்றி உலகெங்கும் ரகசியக் கதைகள் உலவுகின்றன. முன்பின் அறியாத ஊரில், ஆவணம் எதுவும் இல்லாத நிலையில், நான் இன்ன குழுவில் முறைப்படி சேர்க்கப்பட்டவன் என்று நிரூபிப்பதற்கான வழி அவை. பாஸ்டன் வெள்ளையர் லாட்ஜ்களில் செல்லாத அந்த அடையாளம், ஒரு கரீபியன் தீவில் செல்லுபடியானது. அந்த வணிகர் வாங்க வந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். மனிதரை விலைபேசும் தொழிலில் இருந்த ஒருவர், எதிரில் நிற்பவர் சகோதரர் என்று தெரிந்த பிறகே நின்று கேட்டார். மற்ற இருவர் தப்பியது அந்த ஒருவர் கூட இருந்ததால். சகோதரத்துவத்தின் வலிமையும் எல்லையும் ஒரே இடத்தில் தெரிகின்றன.

ஜூலை மாதம் மூவரும் பாஸ்டன் திரும்பினார்கள். வந்து இறங்கிய மறுநாள் காலையில் பிரின்ஸ் ஹால் அவர்களை பெல்க்னாப்பின் வீட்டுக்கு அழைத்துப் போனார். உங்களுக்காக மனு எழுதியவர் இவர்தான் என்று அறிமுகம் செய்துவைத்தார். மூவரும் நன்றி சொன்னார்கள். அந்தச் சந்திப்பு தன் நெஞ்சைத் தொட்டதாக பெல்க்னாப் எழுதியிருக்கிறார். பிரின்ஸ் ஹால் அந்தக் காலையில் தன் மனுவைப் பற்றிப் பேசியதாக அந்தக் கடிதத்தில் இல்லை. பிறர் செய்த உதவியைத் தேடிப்போய் ஒப்புக்கொள்வதைத்தான் அவர் முதல் வேலையாக வைத்திருக்கிறார்.

லாட்ஜின் பங்கு எவ்வளவு

சட்டத்தைக் கொண்டுவந்தது லாட்ஜ் மட்டும்தான் என்று சொன்னால் அது மிகை. வாக்கும் செல்வாக்கும் இருந்த மதகுருமார்கள், குவேக்கர்கள், ஆளுநர் எல்லோருக்கும் பங்கு உண்டு. லாட்ஜ் கொடுத்தது வேறு. கடத்தப்பட்டவர்களுக்காக மற்றவர்கள் பேசினார்கள். லாட்ஜ் அவர்கள் தரப்பிலிருந்தே பேசியது. மாலுமிகள் பயந்து வீட்டில் முடங்கிக் கிடப்பது எந்த மதகுருவின் மனுவிலும் அந்த நெருக்கத்தோடு வந்திருக்க முடியாது.

அப்படிப் பேசும் திறன் பிப்ரவரியில் திடீரென்று முளைத்துவிடவில்லை. ஒரு லாட்ஜ் மாதாமாதம் செய்வது வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பான வேலை: வருகை எடுப்பது, போன கூட்டத்தின் குறிப்பை வாசிப்பது, சந்தா வாங்குவது, நோயாளிச் சகோதரரைப் பார்த்துவர ஆள் அனுப்புவது, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பது. இந்தப் பழக்கம் உள்ள குழுவுக்கு, ஆபத்து வந்த நாளில் யார் எழுதுவது, யார் கையெழுத்திடுவது, யார் போய்க் கொடுப்பது என்று புதிதாக யோசிக்க வேண்டியிருக்காது. கையெழுத்திடுவது ஆபத்தும்கூட, பெயர் வெளியே தெரியும், வேலை போகலாம். பத்து வருடத்துக்கு மேல் ஒன்றாக ஊர்வலம் போய், ஒன்றாகச் சவப்பெட்டி தூக்கிய ஆட்கள் அந்த ஆபத்தைச் சேர்ந்தே ஏற்றுக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து ஒன்றாக உணவருந்துவதை நேரப்போக்காக நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்ரெண்டிஸ் என்ற முதல் பட்டத்தில் சேருகிறவருக்கு இன்றும் இருபத்துநான்கு அங்குல அளவுகோலைக் காட்டிப் பாடம் சொல்கிறார்கள். நாளின் இருபத்துநான்கு மணியில் ஒரு பங்கு இறைவனுக்கும் துன்பத்தில் இருக்கும் சகோதரருக்கும், ஒரு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு ஓய்வுக்கு. சகோதரருக்கான பங்கு வேலையும் தூக்கமும் போக மிஞ்சியதிலிருந்து எடுக்கப்படுவதில்லை. கணக்கிலேயே முதலில் வருகிறது. 1788 பிப்ரவரியில் பகலெல்லாம் தோல் பட்டறையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் அந்தப் பங்கை எப்படிச் செலவழித்தார்கள் என்பதற்கு அந்த மனுவே கணக்கு.

பிறகு

பிரின்ஸ் ஹால் 1792இலும் 1797இலும் புனித யோவான் திருநாளை ஒட்டி லாட்ஜில் ஆற்றிய உரைகள் அச்சில் வந்தன. பாஸ்டன் தெருக்களில் கறுப்பின மக்கள் அன்றாடம் படும் அவமானங்களை 1797 உரையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பொறுமையையும் நம்பிக்கையையும் அவர் வேண்டினார். ஹெய்ட்டியில் நடந்த எழுச்சியைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு பிலடெல்பியாவிலும் பிராவிடன்ஸிலும் லாட்ஜ்கள் தொடங்க அவர் வழிசெய்தார். பிலடெல்பியா லாட்ஜின் மாஸ்டர் அப்சலம் ஜோன்ஸ். 1793இல் அந்த நகரத்தை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியபோது கறுப்பின மதகுரு ரிச்சர்ட் ஆலனோடு சேர்ந்து நோயாளிகளைப் பராமரிக்கவும் இறந்தவர்களைப் புதைக்கவும் ஆட்களைத் திரட்டியவர் அவர்.

அமெரிக்காவின் பிரதான கிராண்ட் லாட்ஜ்கள் பிரின்ஸ் ஹால் பெயரில் வளர்ந்த இந்தக் கறுப்பின மேசன் மரபைச் சகோதர அமைப்பாக ஏற்க இருநூறு ஆண்டு பிடித்தது. கனெக்டிகட் 1989இல் முதல் அடி வைத்தது. இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் மாசசூசெட்ஸ் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜை 1994இல் அங்கீகரித்தது. முதலில் சாசனம் கொடுத்ததும் லண்டன்தான், 1813இல் தன் பட்டியலிலிருந்து அந்த லாட்ஜை நீக்கியதும் லண்டன்தான்.

1787 அக்டோபரில் கேட்ட பள்ளியை அரசு தரவில்லை. 1798இல் பிரைமஸ் ஹால் என்பவரின் வீட்டில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக அந்தச் சமூகமே பள்ளியைத் தொடங்கியது. பிரின்ஸ் ஹால் 1807 டிசம்பரில் காலமானார். காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பள்ளி மறு ஆண்டு ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ் கட்டடத்துக்கு இடம் மாறியது. பாஸ்டன் நகரம் அதற்கு ஆண்டுதோறும் 200 டாலர் தர முன்வந்தது 1812இல், மனு கொடுத்து இருபத்தைந்து ஆண்டு கழித்து.